ஆறாட்டு நாளில் விமானம் பார்க்கப் போனோம்

2022 நவம்பர் 1. குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த நாள் என்பதால் எங்கள் மாவட்டத்துக்கு மட்டும் அன்றைக்கு விடுமுறை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, பெரியவர்களில் பாதிப்பேர் லீவு கேட்க வேண்டியதில்லை, இதைவிட நல்ல நாள் அமையாது என்று தக்கலையில் ஒரு டெம்போ டிராவலர் பேசி, சதுரங்கக்காரர்கள் பாதி விமானக்காரர்கள் பாதி என்று இருக்கும் எங்கள் சங்கத்திலிருந்து பதினான்கு பேர் ஏறினோம். போன இடம் திருவனந்தபுரம் சங்குமுகம் கடற்கரை. அங்கே விமான நிலையம் கடலை ஒட்டியே இருக்கிறது, கரையில் உட்கார்ந்தபடியே விமானம் ஏறுவதையும் இறங்குவதையும் கழுத்து வலிக்கிற வரைக்கும் பார்க்கலாம் என்று எல்லாரிடமும் சொல்லி ஆசை காட்டியவன் நான்தான்.

நான் பதினாறு வருஷம் வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை பார்த்தவன். விமானத்தின் வயிற்றுக்குள் முதுகை வளைத்து நின்று பெட்டி அடுக்கியிருக்கிறேன். அந்த ஒரே தகுதியில் எங்கள் கூட்டத்தில் எனக்கு விமான நிபுணர் என்று பெயர்.

மூன்றே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரு விமானம் ஏறிப் போனது, பிள்ளைகள் கத்தினார்கள், சந்தோஷம். அப்புறம் ஒன்றும் வரவில்லை. நாலரை ஆனது, ஐந்து ஆனது. வழியெல்லாம் போலீஸ் தடுப்பு, கூட்டம். ஏதோ மந்திரி வருகிறார் போலிருக்கிறது என்று நானே ஒரு விளக்கமும் கொடுத்தேன். "மாமா, ஒரு பிளேனும் வரல்லியே, அவங்களுக்கும் இன்னைக்கு லீவா?" என்று ஒன்பதாம் வகுப்புப் பையன் கேட்டான். பக்கத்தில் கட்டன் சாயா விற்றுக்கொண்டிருந்தவர் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னு ஆறாட்டல்லே. ஒம்பது மணி வரெ விமானமில்லா."

பத்மநாபசுவாமி கோயில் ஆறாட்டு. வருஷத்தில் இரண்டு முறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், சுவாமி சங்குமுகம் கடலுக்கு நீராட வருவார். ஊர்வலம் போகிற வழி விமான ஓடுபாதையின் குறுக்கே போகிறது. விமான நிலையம் வருவதற்கு முன்பே இருந்த வழி என்பதால் ஊர்வலம் வழியை மாற்றுவதில்லை, விமானங்கள்தான் நேரத்தை மாற்றிக்கொள்கின்றன. அன்றைக்கு மாலை 4 முதல் இரவு 9 வரை ஓடுபாதை மூடல். நவராத்திரிக்கு எங்கள் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியம்மனும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் இதே திருவனந்தபுரத்துக்குத்தான் ஊர்வலமாகப் போகிறார்கள். அதை வருஷாவருஷம் தக்கலையில் நின்று கும்பிடுகிற எங்களுக்கு ஆறாட்டு ஞாபகம் வரவில்லை.

இதில் எனக்கு மன்னிப்பே கிடையாது. ஓடுபாதை மூடல், விளக்குப் பழுது, பக்கத்தில் கிரேன் நிற்கிறது மாதிரி எதுவானாலும் விமானிகளுக்கு முன்கூட்டியே ஓர் அறிவிப்பு போகும், நோட்டாம் என்பார்கள். நான் வேலை பார்த்த இடத்தில் அந்த வார்த்தை காதில் விழாத நாள் இல்லை. அதைக்கூடத் தேட வேண்டாம், முதல் நாள் பேப்பரைப் புரட்டியிருந்தாலே போதும். விமானம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் கிளம்புகிற அன்று காலையில் வருகை, புறப்பாடு அட்டவணையை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். நாலு மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடுவே வெறுமையாக இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

ஆனால் அந்த ஐந்து மணி நேரம்தான் எங்களை ஒரு கூட்டமாக ஆக்கியது. அதைச் சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சதுரங்கத்தையும் விமானத்தையும் சேர்த்துவைத்தது எந்தப் பெரிய யோசனையும் இல்லை, மாடி வாடகை. தக்கலையில் மூடிப்போன ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் செஸ் சார் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த வருஷம் ஜூலை, ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது, அதன் சின்னமான, வேட்டி கட்டிய குதிரைத் தம்பி எல்லாச் சுவரிலும் கும்பிட்டுக்கொண்டு நின்றது, சாரிடம் பிள்ளைகள் கூடினார்கள், ஆனாலும் வாடகைக்குக் கட்டவில்லை. இந்தப் பக்கம் நாங்கள் நாலைந்து பேர். நான், மாதிரி விமானம் செய்கிற பெயிண்டர் அண்ணன், ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் சார் ஒருவர். பாலிடெக்னிக் சார் ஓர் ஆண்டெனாவைப் பொருத்த உயரமான மொட்டை மாடி தேடிக்கொண்டிருந்தார். விமானங்கள் தாங்கள் இருக்கும் இடத்தையும் உயரத்தையும் 1090 மெகாஹெர்ட்ஸில் தாங்களே சொல்லிக்கொண்டே பறக்கின்றன, ஒரு சின்ன யூஎஸ்பி ரிசீவரும் ஆண்டெனாவும் கணினியும் இருந்தால் அதை வாங்கித் திரையில் வரைபடமாகப் பார்க்கலாம். நேர்ப்பார்வை வேண்டும், அவ்வளவுதான். வேளிமலை மறைக்கும் பக்கம் தாழ்வாகப் பறப்பவை பட்டென்று திரையிலிருந்து காணாமல் போகும்.

அப்படி ஆளுக்குப் பாதி வாடகை என்று சேர்ந்தோம். சேர்ந்தோம் என்று சொல்கிறேனே தவிர, முதல் இரண்டு மாதம் ஒரே அறையில் இரண்டு கட்சிதான். அவர்களுக்கு எங்கள் பேச்சு இரைச்சல், எங்களுக்கு அவர்களுடைய மௌனம் ஒரு தொந்தரவு. சங்கத்துக்குப் பெயர் வைக்கிற கூட்டம் மட்டும் மூன்று தடவை நடந்தது, இன்றுவரை பெயர் இல்லை.

இரண்டையும் கலக்க வேண்டும் என்று நாங்கள் செய்த முதல் காரியம் படுதோல்வி. பெயிண்டர் அண்ணன் ஒரு மாதம் உட்கார்ந்து மரத்தில் விமானக் காய்கள் செதுக்கினார். ராஜா ஜம்போ ஜெட், குதிரை ஹெலிகாப்டர், சிப்பாய் எல்லாம் ஒற்றை இன்ஜின் விமானம். பார்க்க அருமை. ஆனால் ஆட முடியவில்லை, பிஷப் எது யானை எது என்று நாலாவது நகர்த்தலிலேயே சண்டை. செஸ் சார் பொறுமையாக ஒன்று சொன்னார்: போட்டிகளில் ஸ்டான்டன் வகைக் காய்களை வைத்து ஆடுவது சும்மா பழக்கத்தால் வந்ததில்லை, 1849இல் அந்த வடிவம் வந்தபோதே அதன் பலம் ஓரக்கண்ணால் பார்த்தாலும் எது எது என்று தெரிவதுதான். அண்ணனுக்கு வருத்தம்தான். காய்கள் இப்போது அலமாரியில் இருக்கின்றன, புதிதாக வருகிறவர்கள் முதலில் போய் நிற்பது அங்கேதான் என்பதால் அவருக்கும் கொஞ்சம் சமாதானம்.

பேச்சு நடத்தியும் பார்த்தோம். 1970 ஜூன் 9 அன்று சோயுஸ் 9 விண்கலத்தில் இருந்த நிக்கோலாயெவும் செவஸ்தியானொவும் பூமியில் இருந்தவர்களோடு சதுரங்கம் ஆடினார்கள், விண்வெளியிலிருந்து ஆடிய முதல் ஆட்டம் என்று நான் உணர்ச்சியோடு சொல்லி, ஆட்டம் டிராவில் முடிந்தது என்றேன். "அவ்வளவு தூரம் போயும் டிராவா?" என்று பின்வரிசையில் ஒரு குரல். பேச்சு அதோடு முடிந்தது.

சரி, சங்குமுகத்துக்கு வருகிறேன். விமானம் இல்லை, வண்டி டிரைவர் ஒன்பது மணிக்கு முன்னால் இந்தத் தடுப்புகளைத் தாண்டி எடுக்க முடியாது என்று கையை விரித்துவிட்டார். வேண்டாவெறுப்பாக எங்களோடு வந்திருந்த செஸ் பிள்ளைகள் பையிலிருந்து பலகைகளை எடுத்தார்கள். கடல் காற்றில் சாதாரணக் காய்கள் நிற்கவே இல்லை, இரண்டு காந்தப் பலகைதான் தாக்குப்பிடித்தது. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எண்ணிப் பார்த்தால் வெட்கமாக இருக்கும், ஒன்பது ஆட்டம் தொடர்ச்சியாகத் தோற்கடித்தாள். பாலிடெக்னிக் சாருக்கு ஆட்டமே தெரியாது, அறுபத்திரண்டு வயதில் குதிரை எப்படித் தாவும் என்று ஆறாம் வகுப்புப் பையனிடம் கற்றுக்கொண்டார். இருட்டியதும் தீவட்டி வெளிச்சத்தில் ஊர்வலம் வந்தது. எல்லாரும் எழுந்து நின்றோம். ஒன்பது மணிக்கு மேல் முதல் விமானம் விளக்கோடு இறங்கியபோது சத்தமாகக் கைதட்டியது செஸ் கட்சி. திரும்பி வரும்போது வண்டியில் யார் எந்தக் கட்சி என்று இடம் பிரித்து உட்காரவில்லை.

அதற்குப் பிறகு கலப்பது என்ற வேலையை விட்டுவிட்டோம். ஞாயிறு காலை விமானம், மாலை சதுரங்கம், இரண்டுக்கும் வரலாம், ஒன்றுக்கு மட்டும் வரலாம். அப்படி விட்டபிறகுதான் இந்தப் பக்கத்துப் பழக்கம் அந்தப் பக்கத்துக்குத் தானாகத் தாவ ஆரம்பித்தது.

முதலில் தாவியது எழுதிவைப்பது. கும்பப்பூ அறுப்பு முடிந்து வயல் காய்ந்து கிடந்த சமயம், நாஞ்சில் நாட்டுப் பக்கம் ஒரு தெரிந்தவர் வயலில் கிளைடர் விட்டுக்கொண்டிருந்தோம். மோட்டார் கிடையாது, கையால் எறிவதுதான். தெர்மாகோல் இறக்கை, மூங்கில் குச்சி உடம்பு. (இன்ஸ்டன்ட் பசையைத் தெர்மாகோலில் வைக்காதீர்கள், இறக்கை உங்கள் கண் முன்னால் கரைந்து ஓட்டையாகும். நாங்கள் ஒரு இறக்கையைத் தின்னக் கொடுத்தபிறகுதான் மர வேலைக்குப் போடும் வெள்ளைப் பசைக்கு மாறினோம். காய ஒரு ராத்திரி ஆகும், பரவாயில்லை.) எறிந்தால் மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே போகும், ஒரு நொடி அந்தரத்தில் நிற்கும், அப்படியே தொப்பென்று விழும். மூன்று விநாடிக்கு மேல் தாங்கவில்லை. சுற்றி நின்ற ஆறு பேரும் ஆறு யோசனை சொல்வோம், மூக்கில் களிமண் ஒட்டுவோம், வாலை வளைப்போம், எறிகிற கோணத்தை மாற்றுவோம், எல்லாம் ஒரே நேரத்தில். அடுத்த எறி கொஞ்சம் நன்றாக இருக்கும், எதனால் என்று யாருக்கும் தெரியாது.

சங்குமுகத்தில் என்னைத் தோற்கடித்த அதே பெண் அன்றைக்கு வந்திருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மாமா, ஒரு தடவைக்கு ஒரு காய்தானே நகத்தணும்?"

பையிலிருந்து செஸ் ஆட்டம் எழுதுகிற தாளை எடுத்தாள். வெள்ளை, கருப்பு என்று இருக்கிற இரண்டு பத்தியில் ஒன்றில் என்ன மாற்றினோம், இன்னொன்றில் என்ன நடந்தது. எறி 1, களிமண் 4 கிராம், மூக்கைத் தூக்கி விழுந்தது, 3 விநாடி. எறி 2, களிமண் 5 கிராம், வால் தொடவில்லை, கோணம் அதே, 3 விநாடி. இப்படியே ஒரு கிராம் ஒரு கிராமாக. 9 கிராமில் வந்தபோது கிளைடர் தலையசைக்காமல் வழுக்கிக்கொண்டு போனது. அதற்குப் பிறகுதான் வால் சுக்கானில் இரண்டு மில்லிமீட்டர் வளைவு, அது வட்டமடிக்க. 31ஆவது எறியில் 12 விநாடி. அப்போது விரல் நுனியில் வைத்துத் தூக்கிப் பார்த்தோம். இறக்கையின் அகலம் 9 சென்டிமீட்டர், சமநிலைப் புள்ளி முன்விளிம்பிலிருந்து 3 சென்டிமீட்டர். கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் எடை மையம் இருக்க வேண்டும் என்று எல்லாக் கிளைடர் கையேட்டிலும் இருக்கிறதுதான், நானே வாய்கிழியச் சொன்னதுதான், யாரும் அளக்கவில்லை.

நான் பதினாறு வருஷம் செய்த வேலையே அதுதான் என்பது எனக்கு அந்த வயலில்தான் உறைத்தது. பெரிய விமானத்தில் பெட்டிகளை எந்த அறையில் எவ்வளவு என்று தாள் பார்த்துத்தான் ஏற்றுவோம். முன்பக்கச் சரக்கை முதலில் காலிசெய்துவிட்டுப் பின்னால் எடையை விட்டால் சில விமானங்கள் வாலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்துவிடும், அதற்காகவே வாலுக்கு முட்டுக் கொடுப்பதும் உண்டு. களிமண் உருண்டையும் அந்தப் பெட்டிகளும் ஒன்றுதான்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று நாஞ்சில் நாட்டுக்குள் வீசும்போது கிளைடரை வெளியே எடுக்காதீர்கள். முப்பந்தலில் அத்தனை காற்றாலை சும்மாவா நிற்கிறது? அந்த மாதங்களில் நாங்கள் மாடிக்குள் சதுரங்கம் மட்டும்தான். மற்ற மாதங்களில் காலை ஆறரைக்குள் எறிய ஆரம்பித்து எட்டரைக்குள் முடித்துவிடுவோம், எப்போதும் காற்றுக்கு எதிராக எறிவோம். ஒரு பையன் டிரோன் கொண்டுவந்தான். 2021 டிரோன் விதிகளில் 250 கிராம் வரை நானோ வகை, அதற்குச் சலுகைகள் உண்டு, ஆனாலும் எங்கே பறக்கலாம் என்பதற்கு அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தைப் பார்த்தே தீர வேண்டும், மாவட்ட எல்லையைத் தாண்டினால் கூடங்குளம் அணுமின் நிலையமும் மகேந்திரகிரி இஸ்ரோ மையமும் இருக்கிற பகுதி இது. பிள்ளைகள் கூட்டத்துக்கு அந்தத் தலைவலி வேண்டாம் என்று முடிவெடுத்தோம். பையனுக்கு இன்னும் என்மேல் கோபம்.

எதிர்ப்பக்கம் தாவியது சரிபார்ப்புப் பட்டியல். 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவில் ஒஹாயோவின் ரைட் ஃபீல்டில் போயிங்கின் 299 மாதிரி, பின்னால் பி-17 என்று பேர் வாங்கிய விமானம், சோதனைப் பறப்பில் ஏறியவுடனே விழுந்தது. ஓட்டியவர்கள் கைதேர்ந்தவர்கள். நிற்கும்போது காற்றில் ஆடாமலிருக்க வாலின் அசையும் பாகங்களுக்குப் போடுகிற பூட்டை யாரும் விடுவிக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். இரண்டு பேர் இறந்தார்கள். கிளம்புவதற்கு முன் தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் வழக்கம் அதற்குப் பிறகு ஊன்றியது. இந்தக் கதையை நான் சொன்னபோது செஸ் சார் பாதியில் எழுந்து போய்ச் சாக்பீஸ் எடுத்தார். அவர் பிள்ளைகள் தோற்பது தெரியாமையால் இல்லை, தெரிந்ததைப் பார்க்க மறந்து. கரும்பலகையில் மூன்று வரி எழுதினார்: எதிராளி செக் வைக்க முடியுமா, எதை வெட்ட முடியும், என் காயைத் தூக்கிவிட்டால் பின்னால் என்ன திறக்கிறது. அட்டையில் அச்சடித்து எல்லார் முன்னாலும் வைத்தோம்.

இரண்டு வாரம் பிரமாதமாகப் போனது. அப்புறம் அட்டை சுவரில் தொங்கும் காலண்டர் மாதிரி ஆனது, கண் படும், மனம் படாது. கூட ஒரு அனர்த்தமும் நடந்தது: ஒரு பையன் பாசத்தோடு அட்டையைப் போட்டிக்கே கொண்டுபோய் மேசைமேல் வைத்துவிட்டான். ஆட்டத்தின் நடுவே எந்தக் குறிப்பையும் பார்க்கக் கூடாது, நடுவர் எச்சரித்து வாங்கிவைத்துக்கொண்டார். நகர்த்துவதற்கு முன்னால் தாளில் எழுதிப் பார்த்துவிட்டு நகர்த்துவது என்ற பழைய யோசனையும் இப்போது விதிப்படி செல்லாது, ஆடிவிட்டுத்தான் எழுத வேண்டும். அதனால் அட்டையைக் கிழித்துப்போட்டுவிட்டு விரலுக்கு மாற்றினோம். இடது கை மூன்று விரல், ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி, மேசைக்கடியில் மடக்கிக்கொண்டே யோசித்துவிட்டு வலது கையால் நகர்த்துவது. தொட்டால் அந்தக் காயையே ஆட வேண்டும் என்பதால் மூன்று விரல் மடங்கும்வரை வலது கை தொடைக்கடியில். பார்க்கச் சிரிப்பாக இருக்கும்.

கடிகாரம் வாங்கப் பணமில்லாத காலத்தில் செல்போனில் செஸ் கடிகாரச் செயலி போட்டு ஆடினோம். ஆட்டம் கடைசி நிமிஷத்தில் இருக்கும்போது "எங்கல இருக்க, வீட்டுக்கு வா" என்று அம்மாவின் அழைப்பு வரும், கடிகாரம் மறைந்துவிடும், தகராறு. பாலிடெக்னிக் சார்தான் ஏரோபிளேன் மோடில் போடுங்கள் என்றார். எங்கள் சங்கத்தின் இரண்டு பாதியும் பொருந்திப்போன முதல் இடம் அதுதான் என்று இன்றும் கேலிசெய்வோம். இப்போது ஆளுக்கு மாதம் ஐம்பது ரூபாய், அதில் மூன்று டிஜிட்டல் கடிகாரம் வாங்கியாயிற்று. வாங்குகிறவர்கள் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் விநாடி கூட்டித் தருகிற வகையாகப் பார்த்து வாங்குங்கள், அது இல்லாத மலிவுக் கடிகாரம் ஆறு மாதத்தில் அலமாரிக்குப் போய்விடும்.

கடைசியாக ஒன்று. பெயிண்டர் அண்ணனின் தங்கை மஸ்கட்டில் நர்ஸ். அவரோடு நான் வாட்ஸப்பில் குரல் செய்தியாக ஆடுகிறேன், அவருக்கு வெள்ளை, எனக்குக் கருப்பு, டியூட்டிக்கு நடுவே நாளுக்கு ஒன்றோ இரண்டோ நகர்த்தல். பலகையில் நெடுவரிசைக்கு எழுத்து, கிடைவரிசைக்கு எண், இரண்டும் சேர்ந்தால் கட்டத்தின் பெயர். முதல் ஆட்டத்தில் அவர் "குதிரை டி 5" என்றார், எனக்கு "பி 5" என்று கேட்டது. சி 3இல் நிற்கும் குதிரைக்கு இரண்டுமே செல்லும் கட்டம்தான், அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஆறு நகர்த்தலுக்கு அவர் பலகை வேறு, என் பலகை வேறு என்றே ஓடியது. என் பலகையில் காலியாக இருந்த கட்டத்தில் அவர் ஒரு காயை வெட்டியபோதுதான் தெரிந்தது.

விமானக்காரனுக்கு இது வெட்கக்கேடு. இப்படித் தவறிக் கேட்கக் கூடாது என்றுதானே விமானத் துறையில் ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று எழுத்துக்கு ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு இருக்கும் வடிவம் நடைமுறைக்கு வந்தது 1956 மார்ச் 1, எங்கள் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த அதே வருஷம். பலகையில் ஏ முதல் ஹெச் வரை எட்டே நெடுவரிசை, ஆல்ஃபாவில் தொடங்கி ஹோட்டலில் முடிந்துவிடும், பிள்ளைகள் பத்து நிமிஷத்தில் மனப்பாடம் செய்தார்கள். இதைப் பெரிய கண்டுபிடிப்பாக நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, எங்களோடு ஆடும் பார்வையற்ற அண்ணன் ஒருவர் சிரித்தார். அவருடைய பலகையில் கருப்புக் கட்டங்கள் மேடாக இருக்கும், காய்கள் துளையில் செருகி நிற்கும், தொட்டுப் பார்த்தே ஆடுவார். "எங்களுக்கு எப்பவோ உண்டு மக்கா" என்று சொல்லி ஒப்பித்தார்: அன்னா, பெல்லா, சீசர், டேவிட், ஈவா, ஃபெலிக்ஸ், குஸ்டாவ், ஹெக்டர். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே பார்வையற்றோருக்கு வைத்திருக்கும் விதியிலேயே இருக்கிறது. அவரோடு ஆடும்போது நாங்கள் டேவிட் என்போம், மற்றவர்களோடு டெல்டா.

மஸ்கட் ஆட்டம் இப்போது நாலாவது நடக்கிறது. புதன்கிழமை ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே, விரலை மடக்காமல், "யானை ஃபாக்ஸ்ட்ராட் 6" என்று அனுப்பிவிட்டேன். விடிந்ததும் பதில் வந்திருந்தது. பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம், ஆனால் குரல் தெளிவு: "அண்ணா, குதிரை டெல்டா 5. டேவிட்டுன்னும் வச்சுக்கலாம்." எக்கோ 7இல் என் ராணி, ஃபாக்ஸ்ட்ராட் 6இல் யானை, இரண்டுக்கும் ஒரே குதிரை. இன்றைக்குச் சனி. இன்னும் பதில் அனுப்பவில்லை.